மூடி வைத்த பேனா

கவர்ராஜுவை வெட்டிய அறையை இன்னும் யாரும் கழுவவில்லை. போலீஸ் வந்து, பார்த்து, காபி குடித்து, "தகனம் முடியட்டும், அப்புறம் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. ஈக்கள் மட்டும் போகவில்லை.

துப்பறிவாளர் மார்க்கண்டேயுலு வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றினார். அவருடைய உதவியாளர் பைடிதல்லி கழற்றவில்லை.

"கழட்டு பைடி. சாவு விழுந்த இடம்."

"குருவு காரு, தரை பூரா ரத்தம். செருப்பைக் கழட்டிட்டு நடந்தா, வீட்டுக்குப் போய் நான் காலையா கழட்டி வைக்கிறது?"

மார்க்கண்டேயுலு வெறுங்காலோடு உள்ளே போனார்.

தவளேஸ்வரத்துக்குக் கீழே கோதாவரியில் மணல் அள்ளும் துறைகள் எல்லாமே கவர்ராஜுவின் கையில் இருந்தன. ஒரே கையில். இளவயதில் ஆற்றில் வெடி போட்டு மீன் பிடித்தபோது இடது கை முழங்கையோடு போய்விட்டது. மிச்சமிருந்த வலது கையால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். நேற்று சாயங்காலம் மணல்துறை ஆபீசில், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பின்னாலிருந்து யாரோ கழுத்தில் வெட்டியிருந்தார்கள். இரண்டாவது வெட்டு தேவையே இல்லை. ஆனால் நான்கைந்து விழுந்திருந்தன.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு அந்த அறையிலிருந்து ஓடிவந்த ஒருவனைத் துறையாட்கள் பிடித்துக் கட்டிப் போட்டார்கள். அவன் ராஜமகேந்திரவரத்துப் பேனாக்காரன் சத்திராஜு. எபொனைட் என்ற கெட்டி ரப்பர்க் கம்பியைக் கடைசல் பிடித்து, கேட்டவர் கைக்குத் தகுந்தபடி பேனா செய்து கொடுப்பவன். கவர்ராஜு சொல்லிச் செய்த பேனாவைக் கொடுக்க வந்தவன், வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். பாடையைத் தூக்கும் நேரத்தில் அவனுடைய இரண்டு கைகளையும் வெட்டிவிட்டுத்தான் அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவேன் என்று கவர்ராஜுவின் தம்பி தொரபாபு ஊர் முன்னால் சத்தியம் செய்திருந்தான்.

சத்திராஜுவின் மனைவி லோவகுமாரி விடியும்போதே மார்க்கண்டேயுலுவின் கதவைத் தட்டிவிட்டாள். அவர் நேராகக் கவர்ராஜுவின் மனைவி மாணிக்யாம்பாவிடம் போய் நின்றார். அந்த அம்மாள் அழுது முடித்திருந்தாள்.

"பாடை தூக்குற வரைக்கும் பாருங்க" என்றாள். "அதுக்கப்புறம் என் கொழுந்தனை நான் தடுக்க மாட்டேன். வெட்டின பின்னாடி தப்புன்னு தெரிஞ்சா கையைத் திருப்பி ஒட்ட முடியாது. அதுக்காகத்தான் விடறேன். உங்க முகத்துக்காக இல்ல."

வெளியே வைக்கோலைக் கொளுத்தித் தப்பட்டைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோல் விறைத்ததும் பாடை எழும்.

மேஜை மேல் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று பழையது, வியர்வையும் வெயிலும் பட்டுக் கறுப்பு எபொனைட் பழுப்பாகிவிட்டிருந்தது. மற்றது புத்தம் புதியது. பச்சையும் கறுப்பும் நெளிநெளியாக ஓடின. பக்கத்தில் திறந்த மைப்புட்டி. ஒரு வெள்ளைத்தாளில் கவர்ராஜு தன் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தார். கடைசிக் கையெழுத்து பாதியில் நின்று, அதன் மேல் ரத்தம் காய்ந்திருந்தது.

மார்க்கண்டேயுலு புதுப் பேனாவை எடுத்தார். மூடியிருந்தது. இழுத்தார்; வரவில்லை. இன்னும் பலமாக இழுத்ததும் சின்னச் சத்தத்தோடு கழன்றது. நிப்பும், விரல் பிடிக்கும் இடமும் கறுத்த ரத்தத்தில் தோய்ந்து காய்ந்திருந்தன.

"பைடி, இதைப் பாரு. ரத்தம் எங்கே இருக்கு?"

"மூடிக்கு உள்ளே."

"வெளியே?"

"துளிகூட இல்ல." பைடி குனிந்து பார்த்தாள். அவள் குரலில் விளையாட்டு கொஞ்சம் குறைந்தது. "அப்போ வெட்டும்போது பேனா திறந்து கிடந்திருக்கு. ரத்தம் பட்ட பிறகு யாரோ மூடியிருக்காங்க."

"கவர்ராஜுவா?"

"கழுத்து போனவருக்கு மத்தவங்கதான் மூட வேண்டியிருக்கும், கண்ணை."

"வெட்டிட்டு ஓடறவன் எதுக்குப் பேனாவை மூடறான்?"

"மை காய்ஞ்சுடும்னு கவலையா? அடடா, எவ்வளவு பொறுப்பான கொலைகாரன்! எங்க வீட்டுக்காரர் கெட்டிச் சட்னி டப்பாவைக்கூட மூட மாட்டார்."

மார்க்கண்டேயுலு மூடியைத் திரும்பப் பேனாவில் வைத்துத் திருகினார். அது சும்மா வழுக்கிச் சுற்றியது. மூடிக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"இதுல மரையே இல்ல. திருகற மூடி இல்ல இது, அழுத்தற மூடி. ஆனா விளிம்பைப் பாரு."

விளிம்பில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அழுத்திய விரிசல் அல்ல. முறுக்கிய விரிசல்.

"மரை இல்லாத மூடியை எவனோ போட்டுத் திருகியிருக்கான்" என்றாள் பைடி. "அதுவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு."

"வா. செய்தவனைக் கேப்போம்."

படகுக் கொட்டகையில் மீன் வெட்டும் கட்டை ஒன்று கிடந்தது. அதன் மேல் சத்திராஜுவின் இரண்டு மணிக்கட்டுகளையும் நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரவு முழுக்க அடித்திருக்கிறார்கள். ஒரு கண் திறக்கவில்லை. கீழுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியிருந்தன.

பக்கத்தில் தொரபாபு குளித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்து அரிவாளைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். நேற்று வெட்டிய அதே அரிவாள். வாசலில் கிடந்ததை எடுத்ததாகச் சொன்னான். அதே அரிவாளால்தான் வெட்டுவானாம்.

மார்க்கண்டேயுலு சத்திராஜுவின் முன் குத்துக்காலிட்டு, மூடியைக் காட்டினார்.

"இது உன் வேலைதானே?"

சத்திராஜு ஒற்றைக் கண்ணால் பார்த்தான். சாகக் கிடந்த முகத்தில் சுருக்கென்று ஒரு கோபம் ஏறியது.

"எவன்யா இதைத் திருகினான்?"

"டேய், நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியல, இது திருகற மூடியான்னு? ஒத்தைக் கையால திறந்து மூடணும்னு கேட்டார். கட்டைவிரலால தள்ளினா கழண்டுக்கும். மேஜையில நிறுத்தி ஒரு அழுத்து அழுத்தினா மூடிக்கும். இந்தியாவுல வேற எவனாவது இப்படிச் செஞ்சு காட்டட்டும், நான் கடைசலையே கோதாவரியில போடறேன். ஒரு மாசம் இதோட மல்லுக்கட்டினேன். எந்த மடையன்…"

தொரபாபு அரிவாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தால் அவன் விரல்மூட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. சத்திராஜு அலறினான்.

"கட்டைமேல கை இருக்கும்போதும் பெருமை பேசறான் பாரு" என்றான் தொரபாபு.

"நேத்து என்ன நடந்தது?" மார்க்கண்டேயுலு விடவில்லை.

சத்திராஜு மூச்சு வாங்கினான். "மை ஊத்திக் கொடுத்தேன். எழுதிப் பார்த்தார். சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சார். என் விரலெல்லாம் மை. குழாயடிக்குப் போய்க் கழுவிட்டு வந்தேன். வந்தா… தூக்கிப் பார்த்தேன். தலை என் கையோட வந்துடும் போல இருந்துச்சு. ஓடினேன்."

"கதை" என்றான் தொரபாபு. "நான் ஆத்துல படகுல இருந்தேன். கூச்சல் கேட்டு வந்தா, இவன் ஓடறான். அவ்வளவுதான். எனக்குப் பேனாவைப் பத்தி என்ன தெரியும்? அந்தப் புதுப் பேனாவை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல. நான் கைநாட்டுப் பேர்வழி, மார்க்கண்டேயுலு காரு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்." அரிவாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

கொட்டகைக்கு வெளியே வந்ததும் பைடி கிசுகிசுத்தாள்.

"பயத்துல இவனே மூடித் திருகியிருந்தா?"

"பயத்துல கை புதுசா எதையும் செய்யாது, பைடி. பழகினதைத்தான் செய்யும். ஒரு மாசமா அழுத்தி அழுத்திப் பார்த்த கை இவனுது. இவன் மூடியிருந்தா அழுத்தித்தான் மூடியிருப்பான். நமக்கு வேண்டியவன் ரெண்டு குணம் உள்ளவன். திறந்த பேனாவைப் பார்த்தா மூடாம இருக்க முடியாது. மூடினா திருகித்தான் மூடுவான்."

பைடி சட்டென்று நின்றாள். பாடைப் பக்கத்தில் நின்றிருந்த வக்கீல் சோமயாஜுலுவைக் கண்ணால் காட்டினாள். அவருடைய சட்டைப் பையில் இரண்டு மைப்பேனாக்கள் இருந்தன. ஒன்றை எடுத்து மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடி, மறுபடி திருகித் திறந்துகொண்டிருந்தார். பதற்றத்தில் சிலர் நகம் கடிப்பார்கள்.

"குருவு காரு, ஆள் தானாவே ஒத்திகை பார்த்துக்கிட்டு நிக்குது. பிடிச்சுடலாமா?"

மார்க்கண்டேயுலு அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் புதுப் பேனாவைக் கையில் கொடுத்தார். "மூடுங்க."

சோமயாஜுலு மூடியை வைத்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். மூடிக்கொண்டது.

பைடியின் முகம் தொங்கிப்போனது.

"இது அழுத்தற மூடின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மார்க்கண்டேயுலு.

"படம் போட்டுக் கொடுத்ததே நான்தானே!" வக்கீல் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரியவர் சொல்லச் சொல்ல வரைஞ்சேன். பேனாக்காரன்கிட்ட நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுல, துறையில, ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்னார்."

"ஒரு பேனாவுக்கா இவ்வளவு மறைப்பு?"

வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னிக்குத் துறை எல்லாத்தையும் மாணிக்யாம்பா அம்மா பேருக்கு எழுதறதா இருந்தார். தனியா உட்கார்ந்து கையெழுத்துப் போடணும்னார். எனக்கு இவ்வளவுதான் தெரியும். அவர் கையெழுத்துப் போடறதை நான் பார்த்ததில்ல. காகிதம் கையெழுத்தாகித்தான் என்கிட்ட வரும்."

மார்க்கண்டேயுலு தன் பையிலிருந்து அந்தப் பழைய பழுப்புப் பேனாவை எடுத்தார். அதில் மரை இருந்தது. பல சுற்றுத் திருகித்தான் திறக்க முடிந்தது.

"பைடி, உன் இடது கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு இதைத் திற."

பைடி முயன்றாள். தொடையில் இடுக்கிப் பார்த்தாள். கடைசியில் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"பல்லால திறந்திருப்பார், குருவு காரு."

"பல் பட்ட தடம் இருக்கா?"

பைடி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலை நிமிர்ந்தபோது அவள் வாய் திறந்திருந்தது. "இல்ல. அப்போ இதை வேற ஒரு கைதான்…" என்றாள்.

தப்பட்டை முழங்கியது. பாடை எழுந்தது.

கொட்டகையில் இடம் கொள்ளாமல் ஆட்கள் நின்றார்கள். மாணிக்யாம்பா முன்னால் வந்தாள். தொரபாபு அரிவாளைத் தோளுக்கு மேல் ஓங்கி, சத்திராஜுவின் மணிக்கட்டில் குறி பார்த்தான். சத்திராஜு கத்தவில்லை. கத்தக் குரல் இல்லை. வாசலில் லோவகுமாரியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றாள் மாணிக்யாம்பா.

"இல்லம்மா" என்றார் மார்க்கண்டேயுலு.

பைடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெட்டட்டும். ஆனா நாளைக்கு போலீஸ் கேட்டா இந்தப் பையன் ஒருத்தன் தலையில விழக்கூடாது. நீங்க சொல்லித்தான் வெட்டினான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

"அது நியாயம்" என்றான் தொரபாபு. ஓங்கிய கையை இறக்கவில்லை. "போடுங்க அண்ணி."

மாணிக்யாம்பா மார்க்கண்டேயுலுவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. வக்கீல் ஒரு தாளைக் கட்டையின் ஓரத்தில் வைத்தார். மார்க்கண்டேயுலு பழைய பேனாவைத் திருகித் திறந்து அவளிடம் கொடுத்தார். மூடியைத் தாளின் பக்கத்தில் வைத்தார். அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திறந்தபடியே கட்டையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

வெளியே தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தது.

தொரபாபு அரிவாளைக் கீழே வைத்தான். கண் சத்திராஜுவின் மேலேயே இருந்தது. வலது கை பேனாவை எடுத்தது. இடது கை மூடியை எடுத்தது. வைத்து, திருகி, கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கி, பேனாவைத் தாளுக்கு மேலே நேராக, அண்ணனுக்கு வைப்பது போல வைத்தான். பிறகு அரிவாளுக்குக் கை நீட்டினான்.

அரிவாளின் மேல் மார்க்கண்டேயுலுவின் கால் இருந்தது.

"கைநாட்டுப் பேர்வழி!" என்றார் அவர். "மனுஷனை வெட்ட ஓங்கின அரிவாளைக் கீழே வச்சுட்டுப் பேனாவை மூடறியேப்பா!"

தொரபாபு தன் கைகளையே பார்த்தான்.

"அதுக்கென்ன? அண்ணனுக்கு ஒரு கைதானே. நான்தான் எப்பவும் திறந்து மூடுவேன். இந்தத் துறைக்கே தெரியும்."

"தெரியும். அதான் ஒருத்தர்கூட எனக்குச் சொல்லல. தினமும் பார்க்கறதை எவன் சேதின்னு சொல்லுவான்?" புதுப் பேனாவை எடுத்து விளிம்பை எல்லோருக்கும் காட்டினார். "இதையும் ரத்தம் பட்ட பிறகு மூடியிருக்கு. இதே முறுக்கு. ஆனா இதுல மரை கிடையாது. செய்தவனுக்கு அது தெரியும், வரைஞ்ச வக்கீலுக்கும் தெரியும். பழைய பேனாவுக்கே பழகின கைதான் இதைத் திருகி உடைச்சிருக்கு. அம்மா, இந்தத் துறையில வேற யாரு பேனா மூடுவாங்க?"

மாணிக்யாம்பா கொழுந்தனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு தொரபாபு" என்றாள்.

"அண்ணி…"

"சொல்லுடா."

"சிரிச்சார்!" தொரபாபுவின் குரல் உடைந்தது. "நான் உள்ளே போறேன், கட்டைவிரலால தள்ளித் திறந்து காட்டறார். 'பாருடா தம்பி, இனி நீ பக்கத்துல நிக்க வேண்டாம்'னு சிரிக்கிறார். இத்தனை வருஷம் ஒவ்வொரு காகிதத்துக்கும் நான் நின்னேன் அண்ணி. நான் திறக்காம இங்க ஒரு லாரி நகர்ந்ததில்ல. ஒரு பேனா வாங்கிட்டு என்னைப் போன்னார்!"

சொல்லி முடிக்கும் முன்பே அவன் பாய்ந்தான். மார்க்கண்டேயுலு மல்லாந்து விழுந்தார். அரிவாள் தொரபாபுவின் கைக்குப் போனது. முதல் வீச்சு மார்க்கண்டேயுலுவின் தோளைக் கிழித்தது. இரண்டாவது வீச்சு வக்கீலின் காதைத் தொட்டுக்கொண்டு மரத்தூணில் இறங்கியது. பிடுங்கி மூன்றாவது முறை ஓங்கும்போது பைடி இரண்டு கையாலும் மணலை வாரி அவன் கண்ணில் அடித்தாள். அவன் குருடாகச் சுழன்றான். அவள் சுவரில் சாய்த்திருந்த மணல்வாரியை எடுத்து முட்டிக்குக் கீழே ஒன்று, முகத்தில் ஒன்று வைத்தாள். மூக்கு உடைந்து ரத்தம் பீய்ச்சியது.

"முதல்ல அடிச்சது சம்பளத்துக்கு" என்றாள் மூச்சிரைக்க. "ரெண்டாவது என் சொந்தக் கணக்கு."

நேற்றுவரை அவன் சொல்லுக்கு நின்ற ஆட்களே அவன் மேல் விழுந்தார்கள். மிதித்தார்கள். சத்திராஜுவின் கயிற்றை அறுத்து அவனைத் தள்ளிவிட்டு, அதே கட்டையில் தொரபாபுவின் வலது கையை இழுத்து வைத்து அழுத்தினார்கள். ஒருவன் அரிவாளை எடுத்து மாணிக்யாம்பாவின் வாயைப் பார்த்தான்.

மார்க்கண்டேயுலு தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். அவர் ரத்தம் தொரபாபுவின் கைமேல் சொட்டியது.

"எழுந்திருங்க" என்றாள் மாணிக்யாம்பா.

"கையைக் காப்பாத்தத்தான் வந்தேம்மா. யார் கைன்னு நாம பேசிக்கல."

"என் புருஷனை வெட்டின கை அது."

"ஆமா. கோர்ட்டுல எல்லாரும் அதைப் பார்க்கணும். வெட்டிட்டா பார்க்கறதுக்கு என்ன இருக்கும்?"

அவள் தான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, சுருட்டி, வெளியே போய்த் தப்பட்டை காய்ச்சிய நெருப்பில் போட்டாள்.

"கட்டுங்க இவனை. வக்கீலே, போலீசுக்குப் போன் போடு, காபி ஆறறதுக்குள்ள வரச் சொல்லு." கொள்ளிச்சட்டியை ஏந்தி நின்ற பங்காளியிடம் போய்க் கையை நீட்டினாள். "குடு. நானே எடுத்துட்டு வர்றேன். இந்தக் குடும்பத்து ஆம்பளைங்க கை போதும்."

ஊர்வலம் நகர்ந்தது. சத்தம் ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது.

கொட்டகையில் லோவகுமாரி கணவனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு மூட்டுகள் நொறுங்கிவிட்டன. வலது கை முழுசாக இருந்தது, ஆனால் மரத்துக் கிடந்தது. பைடி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நான் புகட்டறேன்" என்றாள் லோவகுமாரி.

"வேண்டாம். கீழ வை."

தம்ளரைத் தரையில் வைத்தார்கள். சத்திராஜு வலது கையை அதன் பக்கம் நகர்த்தினான். விரல்கள் வளையவில்லை. தம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது. பைடி போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தாள். அதுவும் கொட்டியது. மார்க்கண்டேயுலு தோளில் துண்டைக் கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தம்ளரைச் சுற்றிச் சுண்டுவிரல் மடங்கியது. அப்புறம் மோதிர விரல். கட்டைவிரல் கடைசியாக, வலியில் துடித்துக்கொண்டே வந்து ஒட்டியது. தம்ளர் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது. பாதித் தண்ணீர் மார்பில் சிந்தியது. மிச்சத்தைக் கிழிந்த உதட்டில் வைத்து அவன் குடித்தான்.

"இன்னொண்ணு கொண்டா" என்றான்.